எஸ்.ஜி.பி.டி. 24, வைரல் லோடு 8 கோடி: கல்லீரல் ஏன் அமைதியாக இருக்கிறது?

வைகைக்கரை | 2024 ஆகஸ்ட் 6, இரவு 10.40

வணக்கம். எனக்கு 26 வயது. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்து அன்ஃபிட் ஆகிவிட்டேன். வேறு லேபில் மறுபடி எடுத்தேன். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி (வைரஸின் மேலுறைப் புரதம்) பாசிட்டிவ், ஹெச்.பி.ஈ.ஏ.ஜி (வைரஸ் வேகமாகப் பெருகுவதன் அடையாளம்) பாசிட்டிவ், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, 8.2 கோடி. ஆனால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 24, காமாலையைக் காட்டும் பிலிருபின் நார்மல், ஸ்கேன் நார்மல். நன்றாகப் பசிக்கிறது. காமாலை ஒரு நாளும் வந்ததில்லை.

மருத்துவர் 'நீங்கள் கேரியர், வைரஸைச் சுமப்பவர், இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ஒரு மில்லி ரத்தத்தில் 8 கோடி என்கிறார்கள், கல்லீரலுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? என் எதிர்ப்பு சக்தி என்னதான் செய்துகொண்டிருக்கிறது? அத்தை ஒருவர் 2,400 ரூபாய்க்கு எதிர்ப்பு சக்தி பவுடர் வாங்கி அனுப்பியிருக்கிறார். சாப்பிடலாமா? மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

லேப் செல்வி | ஆகஸ்ட் 6, இரவு 11.15

தம்பி, முதலில் தூங்குங்கள். இது இன்றைக்கு வந்தது இல்லை, இன்று ராத்திரியே எதுவும் ஆகிவிடாது.

நான் 14 வருடமாக லேபில் இருக்கிறேன். ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே சீரம் தெளிந்து நிற்கும். காமாலைக்காரர் சீரம் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும், டியூபைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். உங்களைப் போன்றவர்கள் சீரம் அப்படி இருக்காது. வெளிறிய வைக்கோல் நிறம், என் சீரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால்தான் எந்த டியூபையும் கையுறை இல்லாமல் நான் தொடுவதில்லை. இந்த மாதிரி ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்குத் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரைக்கும் உண்டு. ஹெச்.ஐ.வி.க்கு அது 0.3 சதவீதம்தான்.

ஏன் இப்படி என்பதை ஆசிரியர் ஐயா வந்து சொன்னால் நன்றாக இருக்கும். அம்மாவுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் டெஸ்ட் எடுத்தாயிற்றா?

நுண்ணுயிர் ஆசிரியர் | ஆகஸ்ட் 7, காலை 6.20

தம்பி, உங்கள் கேள்வி இந்த நோயின் மையத்தையே தொடுகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

வைரஸ் கல்லீரலைத் தின்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஹெபடைடிஸ் பி அப்படிச் செய்வதில்லை. கல்லீரல் செல்லின் மேல் பித்த உப்பை உள்ளே இழுக்கும் வாசல் ஒன்று இருக்கிறது. அதன் வழியாகத்தான் இந்த வைரஸ் நுழைகிறது. இதையே 2012-ல்தான் பெய்ஜிங்கில் கண்டுபிடித்தார்கள். உள்ளே போனதும் செல்லின் உட்கருவுக்குள் தன் டி.என்.ஏ.வை ஒரு வளையமாக முடிந்து வைத்துக்கொள்கிறது. வெறும் 3,200 எழுத்துதான் அந்த டி.என்.ஏ. அதை வைத்துப் புது வைரஸ்களைச் செய்து, செல்லை உடைக்காமலே வெளியே அனுப்புகிறது. செல்லும் தன் பாட்டுக்குப் பித்தம் சுரந்துகொண்டு, புரதம் செய்துகொண்டு இருக்கிறது.

எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி. செல் செத்து உடைந்தால் ரத்தத்தில் கசியும். உங்களுக்கு 24 என்றால் செல்கள் சாகவில்லை, அவ்வளவுதான். வைரஸ் இல்லை என்பதற்கு அது சாட்சி இல்லை.

அப்படியானால் மற்றவர்களுக்கு எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டுகிறதே, அந்தச் செல்களைக் கொல்வது யார்? நம்முடைய டி-செல்கள்தான், அதாவது தொற்றிய செல்லைத் தேடிப் பிடிக்கும் வெள்ளை அணுக்கள். 2003-ல் வெளியான சிம்பன்சி ஆய்வு ஒன்றில், வைரஸ் ஏற்றிய விலங்கின் உடலிலிருந்து சி.டி.8 வகை டி-செல்களை மருந்து கொடுத்து நீக்கிவிட்டார்கள். வைரஸ் உச்சத்தில் அப்படியே நின்றது. கல்லீரல் வீங்கவும் இல்லை. அந்தச் செல்கள் திரும்பி வந்தன, கல்லீரல் அழற்சியும் வந்தது, வைரஸும் இறங்கியது. நோயும் குணமும் ஒரே கையால் வந்தன. எத்தனையோ வருடம் பாடம் எடுத்திருக்கிறேன், இந்த ஒரு சோதனையைச் சொல்லும்போது மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டி-செல்கள் எல்லாச் செல்லையும் கொன்றுதான் வைரஸை விரட்டுகின்றன என்றால் குணமாகும்போது கல்லீரலே மிஞ்சாது. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா போன்ற பொருள்கள், செல்லைக் கொல்லாமலே உள்ளே வைரஸ் பெருகுவதை நிறுத்துகின்றன. வைரஸில் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது.

இனி உங்கள் டி-செல்கள் ஏன் சும்மா இருக்கின்றன என்ற கேள்வி. பெரியவர்களுக்குத் தொற்றினால் 100-ல் 95 பேருக்கு மேல் ஆறு மாதத்தில் தானே விரட்டிவிடுகிறார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் சுமார் 90 பேருக்குத் தங்கிவிடுகிறது. குட்டியிலிருந்தே திண்ணையில் பார்த்துப் பழகிய ஆளைக் கண்டு வீட்டு நாய் குரைக்காது. நீங்கள் பிறந்த நாளிலேயே அந்த ஆள் திண்ணையில் உட்கார்ந்திருந்திருப்பார் என்று ஊகிக்கிறேன். செல்வி அம்மாவைப் பற்றிக் கேட்டதும் அதற்காகத்தான்.

ஓசூர் பாலா | ஆகஸ்ட் 7, காலை 9.05

ஐயா, அப்படியென்றால் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பினால் சரியாகிவிடுமே? அந்த அத்தை அனுப்பிய பவுடரில் என்ன தப்பு?

நுண்ணுயிர் ஆசிரியர் | ஆகஸ்ட் 7, மதியம் 1.30

பாலா, நியாயமான கேள்விதான். ஆனால் 'எதிர்ப்பு சக்தி' என்பது தொட்டித் தண்ணீர் மாதிரி ஏற்றி இறக்கும் ஒன்று இல்லை. தம்பியின் எதிர்ப்பு சக்தி குறைவாக இல்லை. சளி வந்தால் அவருக்கும் நான்கு நாளில் போய்விடும். இந்த ஒரு வைரஸிடம் மட்டும் அது கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

அதற்கு வைரஸ் பக்கமும் பல காரணம் உண்டு. உள்ளே நுழைந்து பெருகும் ஆரம்ப வாரங்களில் செல்லின் அபாய மணி எதையும் இது தொடுவதில்லை. அப்புறம் ஒரு பெரிய ஏமாற்று வேலை. ஒரு முழு வைரஸ் வெளியே வரும்போது, உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் மேலுறைத் துகள்கள் ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சம் வரைகூட அதனுடன் வெளியே வருகின்றன. ஒரு நெல்மணிக்கு ஒரு மூட்டைப் பதர் மாதிரி. வைரஸைப் பிடிக்க நம் உடல் செய்யும் ஆன்டிபாடிகள் பதரைப் பிடித்தே தீர்ந்துபோகின்றன. ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி டெஸ்ட் பிடிப்பதும் பெரும்பாலும் இந்தப் பதரைத்தான். 1960-களில் ஒரு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில் அமெரிக்க விஞ்ஞானி பாரூக் புளூம்பெர்க் கண்டுபிடித்து, 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்ததும் இதற்குத்தான். அதற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஆண்டுக்கணக்கில் இந்தப் பதரையே பார்த்துப் பார்த்து, டி-செல்கள் சோர்ந்துபோய் பி.டி.-1 என்ற ஒரு பிரேக்கைத் தங்கள் மேலேயே முளைக்க வைத்துக்கொள்கின்றன. போதாததற்குக் கல்லீரல் இயல்பிலேயே சாந்தமான உறுப்பு. அதற்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிறது. சாப்பாட்டுத் துணுக்கு, பாக்டீரியாத் துண்டு என்று தினமும் வந்துகொண்டே இருக்கும் எல்லாவற்றுக்கும் கோபப்பட்டால் அது உருப்படாது. 1969-லேயே பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ராய் கேல்னின் குழு ஒரு பன்றியின் கல்லீரலை இன்னொரு பன்றிக்கு வைத்தபோது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து இல்லாமலே பல பன்றிகளின் உடல் அதை ஏற்றுக்கொண்டதைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில்தான் இந்த வைரஸ் குடியிருக்கிறது.

இத்தனை பூட்டையும் ஒரு பவுடர் திறக்காது. ஒரு பேச்சுக்குத் திறந்தது என்றே வைத்துக்கொள்வோம். தம்பிக்கு இருக்கும் அளவு வைரஸ் என்றால் கல்லீரலின் பெரும்பாலான செல்களில் அது இருக்கும். டி-செல்கள் எல்லாம் ஒரே நாளில் விழித்தால் கல்லீரல் செயலிழப்பு. இன்டர்ஃபெரான் ஊசி என்று ஒன்று உண்மையிலேயே எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்குத்தான் கொடுக்கப்படுகிறது. வாரம் ஒன்றாக 48 வாரம், அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். தம்பி இருக்கும் நிலையில் அதுகூட அவ்வளவாகப் பலன் தராது. பவுடரைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். சில மூலிகைக் கலவைகளே கல்லீரலைக் கெடுத்து, எஸ்.ஜி.பி.டி. ஏறியது வைரஸாலா பவுடராலா என்று பிரித்தறிய முடியாமல் செய்துவிடும்.

தாமிரபரணி | ஆகஸ்ட் 7, மாலை 5.50

ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு 12 வயதில் காமாலை வந்தது. பாட்டி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. 15 நாளில் கண் வெளுத்துவிட்டது. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?

நுண்ணுயிர் ஆசிரியர் | ஆகஸ்ட் 7, இரவு 8.10

இல்லை என்று சொல்லவே மாட்டேன். உங்களுக்குக் குணமானது உண்மை. 12 வயதில் வரும் காமாலை நம் ஊரில் பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ. தண்ணீரால் வருவது. அதை உடல் தானே முழுவதுமாக விரட்டிவிடும், ஆயுளுக்கும் திரும்ப வராது. கண் மஞ்சளாகும் நேரத்தில் டி-செல்கள் வேலையை ஏற்கெனவே தொடங்கிவிட்டிருக்கும், வைரஸ் இறங்குமுகத்தில் இருக்கும். பாட்டி மோர் கொடுத்த 15 நாளும் உங்கள் உடல் வேலை செய்த 15 நாளும் ஒன்று.

கீழாநெல்லியை யாரும் அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு, அதே புளூம்பெர்க்குடன் சேர்ந்து, ஹெபடைடிஸ் பி கேரியர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தது. 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பொடி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேலுறை ஆன்டிஜென் காணாமல் போனது, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. நான் அப்போது மாணவன். எங்கள் விடுதியில் அந்தக் கட்டுரையின் நகல் கைமாறிக் கைமாறிக் கிழிந்தே போனது. ஆனால் தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. பிறகு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்களும் நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். எனக்கு அது இன்றும் வருத்தம்தான். பலித்திருந்தால் நம் ஊர் வரப்பில் முளைக்கும் செடி எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும்.

மீனா காரைக்குடி | ஆகஸ்ட் 8, காலை 11.00

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படட்டும்.

அம்மாவுக்கு 61 வயதில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். கீமோவுடன் ரிட்டுக்சிமாப் என்ற ஊசி ஆறு முறை. ஆரம்பத்தில் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி பார்த்தார்கள், நெகட்டிவ். நிம்மதியாக இருந்தோம். கடைசி ஊசி முடிந்து நான்காவது மாதம், ஒரு காலையில் முகம் கழுவிவிட்டு என்னிடம் துண்டை நீட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் கண் முழுக்க மஞ்சள். சிறுநீர் டிகாக்ஷன் நிறம். எஸ்.ஜி.பி.டி. 1,840. இந்த முறை ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ், வைரல் லோடு கோடியில்.

அம்மாவுக்கு எப்போதோ இளவயதில் வந்து தானே குணமாகியிருந்ததாம். குணமானாலும் ஆசிரியர் ஐயா சொன்ன அந்த டி.என்.ஏ. வளையம் சில செல்களில் அப்படியே இருக்குமாம். 40 வருடம் உடல் அதை எழ விடாமல் வைத்திருந்திருக்கிறது. ரிட்டுக்சிமாப் ஆன்டிபாடி செய்யும் பி-செல்களைத் துடைத்ததும் அது எழுந்துவிட்டது. தொடங்கும் முன்பே ஆன்டி-ஹெச்.பி.சி. (கோர் ஆன்டிபாடி) என்ற இன்னொரு டெஸ்ட் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், கூடவே ஒரு மாத்திரை கொடுத்துத் தடுத்திருக்கலாம். அமெரிக்காவில் 2013-லேயே இந்த ஊசிக்கு இதற்காகக் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கை போட்டிருந்தார்கள் என்று பிற்பாடு படித்தபோது அழுதேன். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

வைரஸை அடக்கும் என்டெகாவிர் மாத்திரை கொடுத்துக் காப்பாற்றினார்கள். 23 நாள் ஆஸ்பத்திரி. கீமோ, ரிட்டுக்சிமாப், நீண்ட நாள் ஸ்டீராய்டு எது தொடங்கினாலும், 'கோர் ஆன்டிபாடி பார்த்தாயிற்றா?' என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

லேப் செல்வி | ஆகஸ்ட் 8, மதியம் 2.20

மீனா அக்கா, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் லேபில் நெகட்டிவ் என்று அச்சடித்துக் கொடுக்கும் தாளை மக்கள் எவ்வளவு நம்பி வாங்கிப் போகிறார்கள். அம்மா இப்போது நலமா?

மீனா காரைக்குடி | ஆகஸ்ட் 8, மதியம் 2.45

நலம் செல்வி. மாத்திரை தொடர்கிறது. நேற்று பலகாரம் சுட்டார்.

சிறுவாணி | ஆகஸ்ட் 8, இரவு 9.30

எனக்கு வந்தது ஹெபடைடிஸ் சி. டயாலிசிஸ் செய்த இடத்தில் தொற்றியது. 12 வாரம் சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் மாத்திரை சாப்பிட்டேன், வைரஸ் போய்விட்டது. ஆனால் ஆன்டிபாடி டெஸ்ட் இன்னும் பாசிட்டிவ், அதைப் பார்த்தாலே வேறு மெஷினுக்கு அனுப்புகிறார்கள். பி-க்கு ஆன்டிபாடி வந்தால் பாதுகாப்பு என்கிறார்கள், சி-க்கு மட்டும் ஏன் இல்லை?

நுண்ணுயிர் ஆசிரியர் | ஆகஸ்ட் 9, காலை 6.45

உங்கள் ஆன்டிபாடி ஒரு தழும்பு மாதிரி. வந்து போனதற்கு அடையாளம், இருப்பதற்கு இல்லை. வைரஸையே நேராகத் தேடும் ஆர்.என்.ஏ. டெஸ்ட் நெகட்டிவ் என்றால் வைரஸ் இல்லை. அந்த ரிப்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருந்து காட்டுங்கள்.

பி பதுங்குகிறது, சி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு நோயாளியின் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் லட்சம் கோடி சி வைரஸ் பிறக்கிறது. படி எடுக்கும்போது பிழை திருத்தும் வழக்கமே அதற்கு இல்லை. மேலுறையில் ஒரு பகுதி வாராவாரம் முகம் மாறும். நீங்கள் போன மாதத்து முகத்துக்கு ஆன்டிபாடி செய்து முடிக்கும்போது அது வேறு முகத்தோடு நிற்கும். தடுப்பூசி இன்னும் வராததற்கும், குணமானவருக்கே மறுபடி தொற்றுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். அதுபோக, செல்லுக்குள் வைரஸ் வந்ததும் இன்டர்ஃபெரானைக் கூப்பிடும் ஒரு புரதத்தை, சி வைரஸ் தன் கத்தரியால் வெட்டிவிடுகிறது. மணிக்குப் போகும் கயிற்றை அறுத்த மாதிரி. (ஹெபடைடிஸ் ஏ-யும் அதே கயிற்றைத்தான் அறுக்கிறது, ஆனாலும் உடல் அதை வென்றுவிடுகிறது. எனக்கு இது தீராத வியப்பு.)

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இதில் உண்டு. சி உட்கருவுக்குள் வளையம் எதுவும் வைப்பதில்லை. பெருகுவதை 12 வாரம் நிறுத்தினால் வேரோடு போய்விடும். 100-ல் 95 பேருக்கு மேல் குணம். பி-யில் மாத்திரையால் அடக்கத்தான் முடிகிறது.

வைகைக்கரை | ஆகஸ்ட் 19, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. பவுடரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அம்மாவுக்கு எடுத்தோம், பாசிட்டிவ். ஐயா ஊகித்தது சரி. அம்மா அந்தத் தாளை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு 'நானா உனக்குக் கொடுத்தேன்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். தன் தட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். தாய்மாமா 48 வயதில் கல்லீரல் புற்றுநோயில் போனார். குடியே தெரியாத மனிதர். ஊரே குடித்துத்தான் போனார் என்று பேசியது. இப்போது புரிகிறது.

தங்கைக்கும் பாசிட்டிவ். அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. வைரல் லோடு 6 கோடி.

லேப் செல்வி | ஆகஸ்ட் 19, இரவு 9.40

தம்பி, அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தட்டு, டம்ளர், சாப்பாடு, கட்டிப்பிடிப்பது எதிலும் இது பரவாது. பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருந்தால் போதும். நீங்கள் பிறந்தபோது பிரசவத்துக்கு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் இந்த டெஸ்டையே எடுத்ததில்லை, அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

தங்கை விஷயத்தில் நாள் கடத்தாதீர்கள். நாளைக்கே போங்கள்.

நுண்ணுயிர் ஆசிரியர் | ஆகஸ்ட் 20, காலை 5.50

செல்வி சொன்னதுதான். 2 லட்சத்துக்கு மேல் வைரல் லோடு இருக்கும் கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதம் வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள், குழந்தைக்குக் கடத்தும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் மருந்து இலவசம். பிரசவ அறையில் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள்: பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் ஹெச்.பி.ஐ.ஜி. ஹெச்.பி.ஐ.ஜி. என்பது வேறொருவர் செய்த ஆன்டிபாடி. பிரசவத்தில் உள்ளே வந்த வைரஸை அது உடனே பிடித்துக்கொள்ளும். தடுப்பூசியில் இருப்பது வைரஸ் இல்லாத வெறும் மேலுறை, அதாவது அதே பதர். அதைக் குழந்தையின் எதிர்ப்பாற்றல் பழகிய முகமாக இல்லாமல் அந்நியனாக முதலில் பார்க்கும். குரைக்கக் கற்றுக்கொள்ளும். தைவான் 1984-ல் பிறக்கும் குழந்தைகளுக்கு இதைத் தொடங்கியது, பத்து வருடத்தில் அங்கே குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது.

உங்களுக்கும் ஒன்று. தாய்மாமா விஷயத்தை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா? 'டி-செல் தூங்குகிறது' என்று இத்தனை நேரம் சொன்னேன், ஆனால் அந்தத் தூக்கத்திலும் வைரஸின் டி.என்.ஏ. நம் டி.என்.ஏ.வில் போய்ச் செருகிக்கொள்வது நடக்கிறது. குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தால் எஸ்.ஜி.பி.டி. என்னவாக இருந்தாலும் சிகிச்சையை யோசிக்கலாம் என்று 2024-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலை மாற்றியிருக்கிறது. கல்லீரல் சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். பி இருப்பவரிடம் மட்டுமே ஒட்டிக்கொள்ளும் டெல்டா (ஹெபடைடிஸ் டி) வைரஸும் கூட இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை | 2025 அக்டோபர் 14, மாலை 6.30

இந்த இழையை யாராவது இன்னும் பார்க்கிறீர்களா தெரியவில்லை.

நான் பத்து மாதமாக டெனோஃபோவிர் சாப்பிடுகிறேன். லோடு 8 கோடியிலிருந்து 1,900-க்கு வந்திருக்கிறது. உள்ளூரிலேயே வேலை கிடைத்துவிட்டது.

தங்கைக்குப் போன நவம்பரில் பெண் குழந்தை. ஹெச்.பி.ஐ.ஜி. அந்த ஊரில் இல்லை என்று சொன்னதால் முன்கூட்டியே வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பேருந்தில் மடியிலேயே கொண்டுபோனேன். இரவு 2.10-க்குப் பிறந்தாள், 3 மணிக்கு இரண்டு தொடையிலும் ஊசி போட்டாயிற்று. மற்ற டோஸ்களும் தேதி தவறாமல் போட்டோம். தாய்ப்பால்தான் குடிக்கிறாள்.

இன்று 11 மாத டெஸ்ட் வந்தது. ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி நெகட்டிவ். ஆன்டிபாடி 412.

லேப் செல்வி | அக்டோபர் 14, மாலை 6.34

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் தம்பி. 10 இருந்தாலே போதும். 412! அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?

வைகைக்கரை | அக்டோபர் 14, மாலை 6.41

சொல்லிவிட்டேன் அக்கா. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பாப்பாவுக்குச் சாதம் பிசைந்துகொண்டிருக்கிறார், தன் தட்டிலேயே.